பட்டியலில் பதினேழாவது

தலையைக் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிட வேண்டும், அதுதான் நெத்திலி. இது வரவில்லை. ஐஸில் மூன்று நாள் கிடந்ததை, இன்று காலை கடலிலிருந்து குதித்து வந்தது போல அந்த மீன்காரி என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள், நானும் வாங்கிவிட்டேன், ஏனென்றால் இன்றைக்கு என் வாய்க்குத் தெம்பில்லை. சுகுணாவின் வாய்க்குத் தெம்பில்லாத நாள் என்று ஒன்று வரும் என யாராவது சொல்லியிருந்தால் பாளையங்கோட்டையே சிரித்திருக்கும். மணி பதினொன்று ஐந்து. பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரி கவுன்சிலரோடு வீடியோ கால். ஹாலில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மிருதுளா உட்கார்ந்திருக்கிறாள், முதுகு நேராக, பரீட்சை ஹாலுக்கு முதல் ஆளாய் வந்துவிட்டவள் மாதிரி. என் மகள், ஒரே மகள், இருபத்தேழு வயது. அவள் விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கி உதிர்ந்துகொண்டே வருகிறதாம், ஈரச் சுவரில் காரை உதிர்வது போல. இப்போதைக்கு நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் நிற்பது தெரியாது, விளக்கை அணைத்துவிட்டால் ஒன்றுமே தெரியாது. நாற்பது வயதில் நேரே இருப்பதும் போய்விடலாம், போகாமலும் இருக்கலாம், இந்த டாக்டர்களுக்கு ‘லாம்’ போடாமல் ஒரு வாக்கியம் முடிக்க வராது. அதைக்கூட நான் எப்படியோ விழுங்கிவிட்டேன். காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே அவள் சொன்னதுதான் தொண்டையில் நிற்கிறது. "இன்னிக்கு சேதுவையும் கால்ல வரச் சொல்லிருக்கேம்மா. அந்த கவுன்சிலரை வச்சுக்கிட்டே சொல்லிடப் போறேன், கல்யாணம் வேண்டாம்னு. வெளி ஆளு முன்னாடின்னா அவன் அழ மாட்டான்." வெயிலாயிருக்கு, குடையை எடுத்துட்டுப் போறேன் என்கிற குரலில். தை மாதம் தேதி குறித்த கல்யாணம். அவளாகப் பார்த்துப் பிடித்த பையன், கண் விஷயம் தெரிந்தே நிற்கிற பையன். பிள்ளையே வேண்டாம் மிருது, நாம ரெண்டு பேர் போதும் என்கிறானாம். "இப்போ சொல்வான். அவன் அக்கா பிள்ளையை அவன் தூக்கி வச்சிருக்கிறதை நான் பார்த்திருக்கேன்" என்றாள், அவ்வளவுதான், எழுந்து கை கழுவப் போனாள், போகிற வழியில் நாற்காலிக் கால் அவளுக்குத் தெரியவில்லை, இடித்துக்கொண்டாள், நானும் அவளும் அது நடக்காதது போல இருந்தோம்.

எல்லாம் அந்தப் பட்டியலால். ஒரு பட்டியல், பதினெட்டு பெயர், பெயரா அவை, கார் நம்பர் பிளேட் மாதிரி நாலு எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் ஒரு மார்க். ரத்தம் எடுத்து ஆறு வாரம் கழித்து அனுப்பினார்கள். மனுஷ உடம்பில் இருபதாயிரம் ஜீனாம், ஒவ்வொருவருக்குள்ளும் ஆயிரக்கணக்கில் எழுத்துப்பிழைகளாம், உங்களுக்கும் எனக்கும் இருக்கிறதாம், பெரும்பாலான பிழைகள் ஒன்றும் செய்யாதாம். எந்தப் பிழை இவள் கண்ணைக் கெடுக்கிறது என்று டாக்டருக்குத் தெரியாது, அதனால் கம்ப்யூட்டரிடம் கொடுத்து ஊகிக்கச் சொல்கிறார்கள். ஊகம். அந்த கவுன்சிலர் பெண் ரெஹானா, பரம்பரை நோய்க்கு ஆலோசனை சொல்கிறவள், என் மகளைவிட ஒரு வயது கூட இருப்பாளா, பொறுமையாகத்தான் விளக்கினாள், பொறுமையாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிகிறது. நோயின் அடையாளங்களைக் கொடுப்பார்களாம், குடும்ப மரத்தைக் கொடுப்பார்களாம், அது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து இது முதல் சந்தேகம், இது இரண்டாவது என்று வரிசைப்படுத்துமாம். அதிலும் ஒரு சாமர்த்தியம் பாருங்கள், ஏற்கெனவே கண்ணைக் கெடுப்பதாகப் பேர் வாங்கிய ஜீன்களோடு ஒரு ஜீன் கூட்டுச் சேர்ந்து வேலை செய்தால் அதற்கும் மார்க் கூடுதல். அடடா. இதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு, எங்கள் கான்வென்ட் ஹெட்மிஸ்ட்ரஸ் போதுமே. யாரோடு உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்கிறாய் என்பதைப் பார்த்தே நடத்தைச் சான்றிதழ் எழுதியவர் அந்த அம்மாள். முதல் ரேங்க் வாங்கிய ஜீனுக்கு புள்ளி தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றொரு மார்க் என்றால் இந்த வீட்டில் யாரும் மேலே கேள்வி கேட்க மாட்டார்கள், மார்க்கைக் கும்பிட்டு வளர்ந்த ஜனம். அந்த ஜீனுக்கு, அம்மா ஒன்றும் அப்பா ஒன்றுமாகக் கொடுக்கிற இரண்டு பிரதியில் ஒன்று கெட்டாலே போதுமாம், நோய் வருமாம். அப்படியானால் மிருதுளாவுக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிப் போடுகிற மாதிரி. அதை ரெஹானா சொன்னபோது மிருதுளா கேள்வியே கேட்கவில்லை, தலையை ஒரு தடவை ஆட்டினாள், அந்த ஆட்டலிலேயே சேதுவை அனுப்பிவிட்டாள், எனக்குத் தெரிந்துவிட்டது, பெற்றவளுக்குத் தெரியாதா. இது ஊகம்தான், உறுதியில்லை என்று அந்தப் பெண் மூன்று முறை சொன்னாள். யார் காதில் விழுந்தது.

பால்கனியில் பேப்பர் திரும்புகிற சத்தம். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மகள் வாழ்க்கை இருபத்தைந்து நிமிஷத்தில் முடிவாகப் போகிறது, தலையங்கம் படிக்கிறார். தனபாலன் என்று பெயர் வைத்தவர்கள் தனபாறை என்று வைத்திருக்கலாம். அவர் படிக்கவில்லை, எனக்குத் தெரியும், ஒரே பக்கத்தை இப்படியும் அப்படியும் மடிக்கிறார். மடிக்கட்டும். அவருக்குச் சேர்த்துப் பேச அவர் அக்கா இருக்கிறாளே, புஷ்பலதா மதினி, நேற்று முக்கால் மணி நேரம் போனில். "எங்க குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தருக்கு மூக்குக் கண்ணாடிகூடக் கிடையாது சுகுணா. எங்கம்மா எம்பத்தி மூணு வயசுல ஊசி கோத்தாங்க. நீ உங்க பக்கத்துல நல்லா விசாரி." உங்க பக்கம். நான் போனைக் காதிலிருந்து எடுத்து அதை ஒரு தடவை பார்த்தேன், இது போன்தானா என்று. எந்தப் பக்கம் மதினி? ஊசி கோத்த உங்கம்மா யாரு? எங்கப்பாவோட கூடப் பிறந்த அக்கா. நான் கட்டியிருக்கிறது என்ன ஆகாசத்திலிருந்து விழுந்த மாப்பிள்ளையா, என் சொந்த அத்தை மகனை. உங்களுக்கும் எனக்கும் ஒரே தாத்தா, உங்க மூக்கும் என் மூக்கும் ஒரே அச்சு, கல்யாண வீட்டில் போட்டோகிராபர் கேட்கவில்லையா நீங்கள் இரண்டு பேரும் அக்கா தங்கச்சியா என்று? இதில் உங்க பக்கம் எது, எங்க பக்கம் எது, நடுவில் வாய்க்கால் வெட்டியிருக்கிறதா? இதெல்லாம் வாய்வரை வந்தது. வந்ததைச் சொல்லாமல் விடுகிறவளா நான்? நேற்று விட்டேன். "சரி மதினி, விசாரிக்கிறேன்" என்றேன். மதினியே அசந்துபோய் "உடம்பு சரியில்லையா உனக்கு?" என்று கேட்டாள். நெத்திலித் தலை ஒன்று சிங்க்கில் விழுந்து கண்ணைத் திறந்தபடி என்னைப் பார்க்கிறது. பார், நீயும் பார். எல்லாருக்கும் கண் இருக்கிறது, என் பிள்ளையைத் தவிர.

ஏன் சொல்லவில்லை என்றால். ஏன் என்றால் அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். சட்டியை அலசலாம். கல்லுப்பு போட்டு இரண்டு தடவை அலசினால் வாடை போகும். அன்றைக்கு, ரத்தம் எடுத்த அன்றைக்கு, மிருதுளாவை உள்ளே கூட்டிப்போய் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி எங்கே வெளிச்சம் வருகிறது பட்டனை அழுத்து என்று விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள், வெளியே ரெஹானா எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து ஒரு காகிதத்தில் வட்டமும் சதுரமும் போட்டுக்கொண்டே போனாள், ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். குளிர்ந்த அறை, வெள்ளைக் கோட்டு, அவள் நகம் எவ்வளவு சுத்தமாக இருந்தது. பாதியில் நிமிராமலே கேட்டாள், "ஆர் யூ போத் ரிலேட்டட், ஆன்ட்டி? சொந்தத்துல கல்யாணமா?" நான் சொன்னேன், "நோ, நோ. நாட் அட் ஆல்." மூச்சுவிடுகிற நேரம்கூட எடுக்கவில்லை. நாட் அட் ஆல் என்று ஒரு மெருகு வேறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அத்தை மகன் திரும்பி என்னைப் பார்த்தார், பார்த்தார், அப்புறம் சுவரில் தொங்கிய கண் படத்தைப் பார்த்தார். அவள் சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில் ஒற்றைக் கோடு ஒன்றை இழுத்தாள், சொந்தம் என்றால் இரட்டைக் கோடாம். முடிந்தது. காரில் கேட்டேன், ஏன் நீங்களாவது சொல்லக்கூடாதா என்று. "நீ சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சேன்." காரணம். முப்பது வருஷமாக என் வாய்க்குப் பயந்தே வாழ்ந்தவருக்கு அன்று ஒருநாள் பயப்படாமல் இருக்க என்ன கேடு? காரணம் என்ன தெரியுமா உங்களுக்கு? ஒன்பதாம் வகுப்பு. சயின்ஸ் பீரியட். வேலம்மாள் என்று ஒரு பெண், எழுந்து நின்று, எனக்கும் என் மாமா பையனுக்கும் பேசி வைத்திருக்கிறது சிஸ்டர் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். சிஸ்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "ஹவ் ஸ்வீட். லைக் கேட்டில்" என்றார், ஆடுமாடுகளைப் போலவாம். நாற்பத்திரண்டு பேர் சிரித்தோம். அதிகச் சத்தமாகச் சிரித்தது யார், நான்தான், ஏனென்றால் எனக்கும் பத்து வயதிலேயே தனபாலனைப் பேசி வைத்திருந்தார்கள், என் சிரிப்புச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டுவிடக்கூடாது. கல்யாணத்துக்கு ஒரு சிநேகிதியையும் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை அசலூர், தெரிந்தவர்கள் மூலம் வந்தது என்று எல்லாருக்கும் அழகான இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். ஒரு பொய்யை முப்பது வருஷம் சொன்னால் அது நாக்கில் தானாக ஓடும், கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். அந்த சிஸ்டர் என்றோ செத்துப்போயிருப்பார். இந்தச் சின்னப் பெண்ணிடம் எனக்கு என்ன வெட்கம்? இவள் என்ன சிரித்திருக்கப் போகிறாளா? அந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு எட்டுப் பேரிடம் கேட்கிறவள், பாதிப்பேர் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பதினொன்று இருபது. இன்னும் கால் பங்கு மீன் இருக்கிறது. சரி, அது ஒரு பொய், அதனால் என்ன பெரிதாகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். ரிப்போர்ட் வந்தது, பதினான்கு பக்கம், பொடி எழுத்து. மிருதுளா முதல் பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்துவிட்டுக் கண் வலிக்கிறது என்றாள். "மிச்சத்தை நீ வாசிம்மா, உன் இங்கிலீஷ்தான் நல்லா இருக்கும்." சோபாவில் என் மடியில் காலைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள். நான் வாசித்தேன். எட்டுப் பக்கம் ஒழுங்காக வாசித்தேன், ஒரு உச்சரிப்புத் தப்பில்லாமல். ஒன்பதாம் பக்கத்தில் பதினேழாவது ஜீன். இரண்டு பிரதியிலும் ஒரே இடத்தில் ஒரே மாற்றம், அபூர்வமான மாற்றம், விழித்திரையில் வேலை செய்கிற ஜீன். அதற்குக் கீழே ஒரு வரி. பெற்றோர் ரத்த உறவினர் அல்லர் எனத் தெரிவிக்கப்பட்டதால் இதற்கான மதிப்பீடு குறைக்கப்பட்டுள்ளது. தெரிவிக்கப்பட்டதால். யார் தெரிவித்தது என்று போடாத நாகரிகம். என் வாய் அந்த வரியின் விளிம்புவரை போய், அங்கிருந்து அப்படியே தாண்டி, பதினெட்டாவது ஜீனில் இறங்கியது. குரல்கூட நடுங்கவில்லை. அவள் கட்டைவிரலால் என் முழங்காலைத் தட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் தப்புச் செய்யவில்லை, பாவம், அது கொடுத்ததை நம்பியது, நம்பிய இடத்தில் நான் கொடுத்தேன். அன்று இரவிலிருந்து எனக்கு அந்தப் பதினேழு. அதற்கு இரண்டு பிரதியும் கெட்டால்தான் நோய், பதினேழுதான் குற்றவாளி என்றால் ஒரு பிரதி என்னிடமிருந்து, ஒரு பிரதி அவரிடமிருந்து, எங்கள் இருவருக்கும் ஒரே தாத்தாவிடமிருந்து. அப்படியானால் மிருதுளா சேதுவைக் கட்டிக்கொள்ளலாம், அவன் அந்நியம், பிள்ளைக்கு வருவதற்கு வழியே அநேகமாக இல்லை, நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அவள் வாழ்க்கை திறந்துவிடும். ஆனால் அவள் கண் என் கல்யாணத்தால் போனது என்று ஆகிவிடும். முதல் ரேங்க் ஜீன் என்றால் விதி, யார் மேலும் பழியில்லை. பதினேழு என்றால் நான். நானும் அந்தப் பேப்பர் மடிக்கிற மனுஷனும், மஞ்சள் கயிறும், எல்லாரும் போட்ட அட்சதையும். இந்த ஒரு எடைக்கல்லை வைத்துக்கொண்டு மூன்று வாரமாக எடை போடுகிறேன், என் பேர் ஒரு தட்டில், அவள் பிள்ளைகள் இன்னொரு தட்டில், ஒரு தாய் இதை எடை போடுவாளா, போடுகிறாள், நெத்திலி கிள்ளிக்கொண்டே போடுகிறாள். அவள் சின்னவளாக இருக்கும்போது டம்ளரைத் தட்டிவிடுவாள், வாசல் நிலையில் இடிப்பாள், அந்தி நேரத்தில் செருப்பைக் கண்டுபிடிக்க மாட்டாமல் தரையைத் தடவிக்கொண்டு நிற்பாள். கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு சனியனே என்று கேட்பேன். ஒரு தடவை, ஏழு வயது, சாம்பார்க் கிண்ணத்தை மிதித்துவிட்டாள் என்று அறைந்தேன். "தெரியலைம்மா" என்றாள். பொய் சொல்லாதே என்று இன்னொன்று வைத்தேன். பொய் சொல்லாதே என்று. நான்.

ஹாலில் அந்த மணிச்சத்தம். ரெஹானாவின் குரல், குட் மார்னிங் மிருதுளா. சேதுவின் குரல், ஏதோ ஒரு வண்டிச் சத்தத்துக்கு நடுவே, "மிருது, நான் கேட்குதா?" பால்கனியில் பேப்பர் சத்தம் நின்றுவிட்டது. மிருதுளா பேசுகிறாள். தயார் செய்துவைத்த வாக்கியங்கள், எனக்குத் தெரியும், அவள் முட்டாள்தனமாக ஒன்றும் பேச மாட்டாள், அதுதான் பயம். "மேம், போன தடவை நீங்க சொன்ன அந்த அம்பது சதவீதம் பத்தி சேதுவுக்கும் ஒரு தடவை சொல்லிடுங்க. அதுக்கப்புறம் நான் ஒரு விஷயம் சொல்லணும்." ரெஹானா ஆரம்பிக்கிறாள், இது ஊகம்தான் என்று, அதே பொறுமை, அதே ‘லாம்’. அவள் முடித்தால் இவள் ஆரம்பிப்பாள். கையைக் கழுவ வேண்டும். கழுவினால் சோப்புப் போட வேண்டும், துடைக்க வேண்டும், அதற்குள் மனசு மாறிவிடும், என்னை எனக்குத் தெரியாதா. கால் நகர்ந்துவிட்டது. இரண்டு கையையும் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாலில் போய் நிற்கிறேன், முழங்கைவரை செதிலும் தண்ணீரும் வழிகிறது. திரையில் ரெஹானா, பக்கத்துச் சதுரத்தில் சேது. மிருதுளாவுக்கு நான் வந்தது தெரியவில்லை, அவளுக்குப் பக்கவாட்டில் நிற்கிறேன். வாடையில் திரும்பினாள்.

"அம்மா, கால்ல இருக்கேன்."

"தெரியுது. ரெஹானா, நான் மிருதுளா அம்மா பேசுறேன். அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். நாங்க ரெண்டு பேரும் சொந்தம். அவர் என் அத்தை மகன். எங்கப்பாவும் அவங்கம்மாவும் கூடப் பிறந்தவங்க. தூரத்துச் சொந்தம்லாம் இல்ல, ஒரே வீடு."

ரெஹானா சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தாள். "ஃபர்ஸ்ட் கசின்ஸ். சரி ஆன்ட்டி. அப்போ அந்த வரிசை மொத்தமும் மாறலாம். இரண்டு பிரதியும் ஒண்ணா இருக்கிற மாற்றங்களை மேல கொண்டுவந்து திரும்ப ஓட்டணும். அங்கிள், ஆன்ட்டி ரெண்டு பேர் ரத்தமும் வேணும். அதுவரைக்கும் அம்பது சதவீதம்கிறதை நீங்க யாரும் மனசுல வச்சுக்காதீங்க."

"நீங்க சொந்தம்னு எனக்கு எப்பவுமே தெரியும்" என்றாள் மிருதுளா, என்னைப் பார்த்து, முகம் முழுவதையும் திருப்பி. அவளால் என்னைப் பார்க்க முழு முகத்தையும் திருப்பியாக வேண்டும், ஒரு துளி முகத்தைக்கூட என்னிடமிருந்து ஒளித்துவைக்க முடியாது. "அவங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது. ரிப்போர்ட்ல போட்டிருக்குமே? நீதானே வாசிச்சே."

"போட்டிருந்துச்சு. வாசிக்காம விட்டேன்."

அவள் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திட்டியிருக்கலாம். என் பிள்ளைதானே, திட்டத் தெரியாதா. சேது மட்டும் மெதுவாக, "மிருது, நீ ஏதோ சொல்லணும்னியே?" என்றான். "இப்போ இல்ல" என்றாள். அந்த இப்போ இல்லையைக் கேட்டதும் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது, மீன் கையோடு எதைப் பிடிப்பது. பின்னாலிருந்து ஒரு துண்டு வந்து என் இரண்டு கையையும் சுற்றிக்கொண்டது. இவர்தான். துடைத்துக்கொண்டே நிற்கிறார். இப்போதுகூட வாயைத் திறக்கவில்லை பாருங்கள்.

"அப்போ குடும்ப மரத்தை முதல்லேருந்து போட்டுடலாமா?" என்று ரெஹானா கேட்டாள். புதுக் காகிதம் திருப்புகிற சத்தம். "ஆன்ட்டி, நீங்களே சொல்லுங்க. உங்கப்பா கூடப் பிறந்தவங்க மொத்தம் எத்தனை பேர்? அவரையும் சேர்த்து?"

நாற்காலியை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில், அவளுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

"நாலு. போன தடவை மூணுன்னு சொல்லியிருப்பேன், எங்க வீட்ல எல்லாரும் மூணுன்னுதான் சொல்லுவோம். கடைசித் தம்பி ஒருத்தர் இருந்தார், சங்கரலிங்கம். முப்பத்தாறு வயசு. பொழுது சாயுற நேரத்துல, தெனமும் போய்வர்ற பாதையில, கிணத்துல விழுந்து செத்துப்போனார். குடிச்சிட்டு விழுந்தார்னு சொல்லிக்குவோம்."

"குடிப்பாரா ஆன்ட்டி?"

"இல்லம்மா" என்றேன். "ஒரு நாளும் குடிச்சதில்ல."